மழைக்காலத்தில் வண்டிக் கொட்டகைக்குத் தரை அமைத்தல்

பருவமழை தொடங்கிவிட்டால் தோட்டங்களில் வெட்டு நின்றுபோகும் நாட்கள் மிகுதியாகின்றன. விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் கத்தியை எடுக்க இயலாது. அத்தகைய நாட்களில்தான், நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த வீட்டு வேலைகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் முதலில் நிற்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளோ காரோ நிறுத்துகின்ற கொட்டகையின் தரைதான். வண்டியின் சக்கரம் சேற்றில் புதைகிறது. தாங்கி மண்ணில் இறங்கி வண்டி சாய்கிறது. ஈரத்திலேயே நிற்பதால் சங்கிலியும் ஆரக்கம்பிகளும் துருவேறுகின்றன. ஆகவே, கையில் ஓய்வும் சிறிது சேமிப்பும் இருக்கும்போதே சிமெண்டுத் தரை போட்டுவிடலாம் என்று பலரும் முனைகின்றனர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உங்களுக்கு ஓய்வு தருகின்ற அதே மழைதான் சிமெண்டுத் தரைக்கு முதற்பகை. சென்ற ஆண்டின் இறுதியில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால்வெட்டும் அம்மையார் ஒருவர் தம் வீட்டின் முன்புறத்தை நமக்குக் காட்டினார். தரை போட்டு மூன்று திங்கள்கூட ஆகவில்லை. துடைப்பத்தால் பெருக்கினால் சாம்பல் நிறத் தூள் எழும்பியது. நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. மோட்டார் சைக்கிளின் தாங்கி நிற்கும் இடத்தில் கோழிமுட்டை அளவுக்குக் குழி. “நல்ல சிமெண்டுதான் ஐயா, நானே நின்று வாங்கினேன். பிறகு ஏன் இப்படி?” என்று அவர் கேட்டார். அவர் வாங்கிய சிமெண்டில் குறை ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கலவை கொட்டத் தொடங்கினார்கள் என்பதும், நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது என்பதும், மழை விட்டபின் மேலே சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்த்து முடித்தார்கள் என்பதும் உரையாடலின்போது தெரிய வந்தன. அவர் கேட்ட கேள்விக்கு அன்று நின்றபடியே ஓரளவு விடை சொன்னோம். எஞ்சியதை இங்கே எழுதுகின்றோம்.

முதற்கண், எந்த வகைத் தரை வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சிமெண்டுதான் ஒரே வழி என்பதில்லை.

செலவு குறைந்தது சரளைக் கல். கல்லுடைக்கும் ஆலைகளில் கிடைக்கும், பெருங்கல்லும் சிறுகல்லும் தூளும் கலந்த ‘கிரஷர் ரன்’ எனும் கலவையை நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ பரப்பி நன்றாக இடித்து இறுக்கினால், மோட்டார் சைக்கிளுக்கும் சிறு காருக்கும் தாராளமாகப் போதும். தாங்கியின் அடியில் ஒரு பலகைத் துண்டோ தட்டைக் கல்லோ வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நிறுவனத்துக்குச் சொந்தமான வீட்டில் வாழ்வோருக்கு, நம்முடைய கருத்தில், இதுவே அறிவுடைய தேர்வாகும். பெயர்த்து எடுக்க முடியாத காங்கிரீட்டில் சேமிப்பைக் கொட்டிவிட்டு, இரண்டாண்டில் வேறு வீட்டுக்கு மாறிப் போனவர்களை நாம் அறிவோம்.

தார்த்தரை சாலைக்கு ஏற்றது, கொட்டகைக்கு ஏற்றதன்று. வெயில் பட்டால் தார் இளகும். இளகிய தாரில் மோட்டார் சைக்கிளின் தாங்கி ஆணி போல இறங்கும். அன்றியும், பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் தாரைக் கரைக்கக்கூடியவை. ஒழுகும் வண்டி ஒரே இடத்தில் நாள்தோறும் நின்றால் அவ்விடம் பிசுபிசுத்துப் பெயர்ந்துவிடும்.

‘நாம் வெட்டுகின்ற பாலிலிருந்து வருகின்ற ரப்பரையே விரித்துவிட்டால் என்ன?’ என்று ஓர் இளைஞர் வேடிக்கையாகக் கேட்டார். வேடிக்கையில் பொருள் இல்லாமலில்லை. ரப்பர் விரிப்பு காலுக்கு வழுக்காது. கீழே விழும் திருகுச்சாவியை உடைக்காது. எனினும் இயற்கை ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் அது உப்பி, வலுவிழந்து, பிய்ந்துபோகும். எண்ணெயில் புழங்கும் இடங்களுக்கு நைட்ரைல் எனும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துவதன் காரணமும் இதுதான். ஆகவே, எண்ணெய் ஒழுகாத வண்டிக்குக் கீழேயோ, நடந்து செல்லும் வழியிலோ ரப்பர் விரிப்பைப் பயன்படுத்தலாம். அதையே தரையாக நம்ப வேண்டா.

பூந்தட்டு எனப்படும் டைல்ஸ் பதிப்பது இப்போது பரவலாகி வருகின்றது. பார்வைக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. சுவருக்கென்று செய்யப்பட்ட பளபளப்பான பீங்கான் தட்டுகளைக் கொட்டகையில் பதித்தால் இரு தீமைகள் விளையும். காரின் பாரத்தில், அடியில் சாந்து நிரம்பாத இடங்களில் அவை உடையும். மழைச்சாரல் பட்டால் கண்ணாடி போல வழுக்கும். வீட்டில் முதியவர்கள் இருப்பின் இரண்டாவது தீமையே பெரிது. உடைந்த தட்டை மாற்றலாம், உடைந்த இடுப்பெலும்பை மாற்றுவது எளிதன்று. தட்டுத்தான் வேண்டும் என்போர், கனமான, முழுவதும் ஒரே மண்ணாலான, மேற்புறம் சொரசொரப்பான வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் அடியில் நல்ல காங்கிரீட்டுத் தரை இருந்தாக வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மழைக்காலத்திலேயே வேலையை முடித்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு நாம் முதலில் சொல்வது, ஒன்றோடொன்று கோத்து அடுக்கும் காங்கிரீட்டுக் கற்களைத்தான். நகரங்களில் நடைபாதைகளில் நீங்கள் பார்த்திருக்கக் கூடும். இவை ஆலையிலேயே வார்த்து, இறுகி, வலுவடைந்த பின்னரே நம் கைக்கு வருகின்றன. ஆகையால் மழை அவற்றை ஒன்றும் செய்யாது. மழை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, விட்டதும் தொடரலாம். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும்; பளுவுந்து ஏறுமிடமாயின் 80 மில்லிமீட்டர் வேண்டும். இறுக்கிய சரளையின்மேல் ஏறக்குறைய ஓர் அங்குல உயரத்திற்கு மணலைச் சமமாகப் பரப்பி, அதன்மேல் கற்களை அடுக்கி, இடுக்குகளில் உலர்ந்த நுண்மணலைப் பெருக்கி நிரப்ப வேண்டும். பரப்பிய மணல் மட்டும் மழையில் ஊறிக் குழைந்துவிடாமல் கித்தானால் மூடிக்கொள்ளுங்கள். நான்கு ஓரங்களிலும் அசையாத கரைக்கல் பதிப்பது இன்றியமையாதது. ஓரம் நெகிழ்ந்தால் ஒவ்வொரு கல்லாகப் பிரிந்து வெளியேறும். ஏதேனும் ஓரிடம் தாழ்ந்துவிட்டால் அவ்விடத்துக் கற்களை மட்டும் எடுத்து, மணல் நிரப்பி மீண்டும் பதித்துக்கொள்ளலாம். காங்கிரீட்டில் இந்த வசதி கிடையாது.

இனி, காங்கிரீட்டுத் தரையே வேண்டும் என்போருக்கு வருவோம். நெடுங்காலம் உழைக்கும் தரைகளில் இதற்கு இணை குறைவு என்பது உண்மை. ஆனால் இது போடும் முறையைப் பொறுத்தது.

குளிர் நாடுகளில் வாழ்வோருக்கு இவ்வேலையில் வேறொரு தொல்லை. காற்றின் வெப்பம் 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சிமெண்டு இறுகும் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். கலவையில் உள்ள நீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருத்து, இளங்காங்கிரீட்டை உள்ளிருந்தே நொறுக்கிவிடும். அங்கே தரையைப் போர்வை போர்த்திக் காக்கின்றார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இரவு வெப்பம் 15 பாகை அளவுக்குக் குறையுமாதலால், அங்குள்ள உறவினர்கள் தரை போட்டால் நம்மைவிடச் சில நாட்கள் கூடுதலாகப் பொறுத்திருந்து வண்டியை ஏற்ற வேண்டும், அவ்வளவே வேறுபாடு. நமக்குள்ள தொல்லை நீர். மேலிருந்து விழும் நீர், மண்ணில் தேங்கும் நீர், மணலில் ஒளிந்திருக்கும் நீர், கூலியாள் இரக்கப்பட்டு ஊற்றும் நீர் என்று நான்கு வழிகளில் அது வருகின்றது.

இதைப் பால்வெட்டுவோருக்கு விளக்குவது எளிது. வாளியில் மழைநீர் விழுந்தால் பாலின் அளவு கூடுகின்றது. ஆனால் அதிலுள்ள உலர் ரப்பர் கூடுவதில்லை. நிலையத்தில் சோதித்துப் பார்த்து அதற்குரிய விலையைத்தான் தருவார்கள். காங்கிரீட்டும் அப்படியே. நீர் மிகுந்தால் கலவை தாராளமாக ஓடும், பரப்புவதற்குச் சுகமாக இருக்கும், வலு மட்டும் கரைந்துபோயிருக்கும். சிமெண்டு இறுகுவதற்குத் தேவையான நீர் சொற்பமே. எஞ்சிய நீர் பின்னர் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடங்களில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எஞ்சி நிற்கின்றன.

அளவைச் சொல்லிவிடுகின்றோம். வீட்டுக் கொட்டகைத் தரைக்குச் சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, முக்கால் அங்குல ஜல்லிக் கல் நான்கு பங்கு என்பது நெடுநாள் வழக்கம். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று, 18 லிட்டர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஏறக்குறைய இரண்டு தகரம் வரும். ஆகவே மூட்டை ஒன்றுக்கு நான்கு தகரம் மணல், எட்டுத் தகரம் கல். நீர் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. 25 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 33 லிட்டர் ஊற்றினால், வலுவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். எட்டு லிட்டர் என்பது ஒரு வாளிகூட இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கைச் சற்றே திருத்த வேண்டும். இங்கேதான் கைதேர்ந்த கொத்தனார்கள்கூடச் சில வேளை தவறுகின்றனர். ஈரம் பட்ட மணல் பருத்துக் காணும். துகள்களின் இடையே நீர்ப்படலம் புகுந்து அவற்றை விலக்கி நிறுத்துவதே காரணம். ஐயம் உள்ளவர்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் ஈரமணலை முக்கால் அளவுக்கு அழுத்தாமல் நிரப்பி, உயரத்தைக் கோடிட்டுக்கொண்டு, அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுப் படிய விடுங்கள். மணல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். அவர்களுக்கும் ஒரு பாடம் ஆயிற்று. பருத்த மணலில் நான்கு தகரம் அளந்தால் உண்மையில் கிடைப்பது மூன்று தகரத்திற்குச் சிறிது மேல்தான். ஆகையால் ஈரமணலாயின் மூட்டைக்கு ஐந்து தகரம் போட வேண்டும். அந்த ஐந்து தகரத்தில் ஏற்கெனவே சுமார் ஐந்து லிட்டர் நீர் ஒளிந்துள்ளது. எனவே ஊற்றும் நீரை 20 லிட்டராகக் குறைக்க வேண்டும். மணற்குவியலை முதல்நாளே கித்தானால் மூடி வைத்திருந்தால் இந்தக் கணக்குகளில் பாதித் தொல்லை தீரும். கடற்கரை மணலைக் கொண்டுவர வேண்டா. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

சிமெண்டு மூட்டையும் ஈரத்தை இழுக்கும் பொருளே. அதைத் தரையில் சார்த்தி வைக்காமல், பலகை மேல், சுவரில் படாமல், பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்க வேண்டும். விரலால் நசுக்கித் தூளாகாத கட்டி இருப்பின் அந்த மூட்டையைத் தரைக்குப் பயன்படுத்தலாகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மூட்டையை வாங்குவது வீண்.

எவ்வளவு வாங்குவது? மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 6 அடிக்கு 8 அடி, நான்கு அங்குலக் கனம் என்றால் மூன்று மூட்டை போதும். கைக்காவலாக இன்னும் ஒன்று. கார் நிற்கும் 10 அடிக்கு 18 அடிக் கொட்டகையாயின் பதினொரு மூட்டை ஆகும், பன்னிரண்டாக வாங்கிக்கொள்ளலாம். கார் நிற்கும் தரை நான்கு அங்குலத்திற்குக் குறையவே கூடாது. மூன்று அங்குலத்தில் முடித்துத் தருகின்றேன் என்று குறைந்த விலை சொல்லும் குத்தகையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தரையின் உயிர் அதன் அடியில் இருக்கின்றது. புல்லையும் வேரையும் கருமண்ணையும் சுரண்டி அகற்றிவிட்டு, உறுதியான மண் தென்படும்வரை தோண்ட வேண்டும். பின்னர் நான்கு அங்குலச் சரளையைப் பரப்பி இடிக்க வேண்டும். சேறாகிக் கிடக்கும் மண்ணின்மேல் சரளை கொட்டி மூடுவது, புண்ணின்மேல் துணி போர்த்துவதற்கு ஒப்பாகும். மழைநீர் தேங்கும் குழியாயின் ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டி முதலில் வடிய விடுங்கள். சரளையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தால் கலவையின் சாறு கீழே இறங்காது. பிற்காலத்தில் மண்ணின் ஈரம் மேலே ஏறாது.

வீட்டின் தரையோடு கொட்டகையின் தரையை ஒட்டி வார்க்கலாகாது. வீடு அடித்தளத்தின்மேல் நிற்கின்றது; கொட்டகை வெறும் மண்ணின்மேல் படுத்திருக்கின்றது. மண் தாழும்போது கொட்டகை தாழும், வீடு தாழாது. இரண்டையும் ஒட்டினால் ஒட்டிய இடமே பிளக்கும். நடுவில் அரை அங்குலத் தக்கையோ தார்க்காகிதமோ வைத்துப் பிரித்துவிடுங்கள். கடலோரக் களிமண் நிலங்களில் இது மிகவும் இன்றியமையாதது.

தரை வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் என்பது போதிய சரிவு. காருக்கான தரையில் பி.ஆர்.சி. கம்பிவலை போடுவது நல்லது. அதைத் தரையில் கிடத்திவிட்டு அதன்மேல் கலவையைக் கொட்டுவதுதான் எங்கும் நாம் காண்பது. அவ்வாறு அடியில் கிடக்கும் வலை வெடிப்பைத் தடுப்பதில்லை. சிறு சிமெண்டுக் கட்டிகளின்மேல் அதை நிறுத்தி, மேற்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் இருக்கும்படி செய்ய வேண்டும். கலவை கொட்டுவோர் மிதித்து மிதித்து அதைக் கீழே இறக்கிவிடாமல் ஒருவர் கண்காணிப்பது நலம்.

இப்போது மழையை ஏமாற்றும் உபாயத்திற்கு வருகின்றோம். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்பிரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான் வருகின்றது. காலைப்பொழுது நமக்கு உரியது. விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு இது ஒரு சிரமமன்று. பொழுது புலர்ந்ததும் கலவையைத் தொடங்கினால் பத்து மணிக்குள் கொட்டி மட்டம் பார்த்துவிடலாம். நண்பகலுக்குள் மேற்பரப்பு வேலையும் முடிந்துவிடும். மாலையில் மழை வரும்போது தரை ஓரளவு இறுகியிருக்கும், மூடியும் வைத்திருப்போம்.

பன்னிரண்டு மூட்டையையும் ஒரே நாளில் கையால் கலந்து முடிக்க முயலாதீர்கள். 18 அடி நீளத்தை நடுவில் பலகை நிறுத்தி இரண்டாகப் பிரித்து, ஒரு காலையில் ஒரு பாதி, மறு காலையில் மறு பாதி என்று வாருங்கள். நால்வர் சேர்ந்தால் ஆறு மூட்டை ஒரு காலை வேலை. திடீரென மழை வந்தால் 10 அடிக்கு 9 அடிப் பரப்பை ஒரே கித்தானால் மூடிவிடலாம். முழுக் கொட்டகையை மூட முடியாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு அங்குலத் தரை இறுகும்போது சுருங்கும். எட்டு முதல் பத்து அடிக்கு ஓர் இணைப்பு விட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு அடங்கிவிடும். இரண்டு நாள் வேலையின் நடுவே விழும் கோடு அந்த இணைப்பாகவே அமைந்துவிடுகின்றது. அந்த அம்மையாரின் தரையில் குறுக்காக வெடித்ததன் காரணம் இவ்வாறு ஒரு கோடு விடாமையே என்று கருதுகின்றோம்.

கிளந்தான், திரெங்கானு, பகாங்கின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் நவம்பர் முதல் சனவரி வரை மழை நாட்கணக்கில் விடாது பெய்யும். அங்கு இந்த உபாயம் செல்லாது. காத்திருப்பதே முறை. பொதுவாக, ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் வறண்டவை, பாலும் குறைந்திருக்கும். தரை போட அதுவே ஏற்ற காலம்.

கலவை கொட்டி மட்டம் பார்த்ததும் மேற்பரப்பில் நீர் ஊறி வந்து நிற்கும். அது தானாக மறையும்வரை கரணையைத் தொடாதீர்கள். அதை வற்றச் செய்வதற்காகச் சிமெண்டுத் தூள் தூவும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது மேலே மெல்லிய, வலுவற்ற ஏடு ஒன்றை உண்டாக்குகின்றது. சில மாதங்களில் அந்த ஏடுதான் தூளாகவும் செதிலாகவும் எழும்புகின்றது. மழை பெய்து நீர் தேங்கினாலும் இதே விதி. நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை இருவர் இரு முனையில் பிடித்து மேற்பரப்பில் மெல்ல இழுத்துத் தேங்கிய நீரை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். பின்பு கலவை இன்னும் இளகியிருந்தால் மட்டப்பலகையால் ஒருமுறை சமன் செய்யலாம். இறுகத் தொடங்கிவிட்டால் கைவைக்காமல் விட்டுவிடுவதே நன்று.

பளபளப்பாகத் தேய்ப்பதைக் கொத்தனார் தம் கைத்திறனாகக் கருதக்கூடும். வண்டி நிற்கும் தரைக்குப் பளபளப்பு வேண்டா. ஈர்க்கு விளக்குமாற்றை ஈரத் தரையின்மீது சரிவுக்குக் குறுக்காக மெல்ல இழுத்துச் செல்லுங்கள். நுண்ணிய வரிகள் விழும். சக்கரமும் காலும் வழுக்கா.

வேலை செய்வோர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். ஈரச் சிமெண்டு தோலைச் சுடும் காரம் உடையது. முழங்காலிட்டு மணிக்கணக்கில் அதில் இருந்தால் மாலையில்தான் புண் தெரியும். பட்டவுடன் நல்ல நீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தொடர்ந்து கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தரை போட்ட மறுநாள் அதன்மேல் நடக்கலாம். ஆயினும் ஏழு நாட்களுக்கு அது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மழையை வைதுகொண்டிருந்தோம், இப்போது அதுவே துணை. இறுகிய தரையின்மேல் பெய்யும் மழை அதற்கு ஊட்டம். மழையில்லாத நாட்களில் கோணிச் சாக்கை நனைத்து விரித்து, காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். ஏழாம் நாளில் தரை தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அடைந்திருக்கும். அப்போது மோட்டார் சைக்கிளை ஏற்றலாம். காருக்கு இன்னும் சில நாட்கள் பொறுத்தல் நலம். முழு வலுவுக்கு 28 நாட்கள் என்பது கணக்கு. வரம்பு கட்டி நீரைத் தேக்கி வைக்கும் முறை வேண்டா. பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்புகளிலும், மறந்துபோன வாளியிலும் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரையே பொறுப்பாளியாக்குகின்றது.

எப்பாக்சி எனும் வண்ணப் பூச்சைப் பற்றிச் சிலர் வினவுகின்றனர். எண்ணெய்க் கறை பிடிக்காதிருக்க அது நல்லதே. ஆனால் புதுத் தரையின்மேல் 28 நாட்களுக்குமுன் அதைப் பூசலாகாது. ஈரக் காற்று வீசும் மழைக்காலத்திலும் கூடாது. அடியில் ஈரம் இருந்தால் சில மாதங்களில் கொப்புளித்து உரியும். தெளிந்த பிளாஸ்டிக் துண்டொன்றை இரண்டடி அளவில் வெட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டி, ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பூச்சுக்கு நேரம் வரவில்லை என்று அறியலாம். எண்ணெய்க் கறைதான் கவலையென்றால், வண்டியின் கீழே ஒரு தகரத் தட்டை வைப்பது மலிவான மாற்று.

சிறு தோட்டம் உடையவர்கள் சிலர் பாலையும் கட்டிப்பாலையும் இதே கொட்டகையில் கையாள்கின்றனர். பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலமும், கட்டிப்பாலிலிருந்து வடியும் புளித்த நீரும் சிமெண்டை அரிக்கும். பழைய ரப்பர் நிலையங்களின் தரையில் சிமெண்டு கரைந்து கல் மட்டும் துருத்தி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வண்டி மின்கலத்தின் அமிலமும் அப்படியே. சிந்தினால் தாமதியாமல் நிறைய நீர் ஊற்றிக் கழுவுங்கள். அமிலத் தகரத்தைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிறுத்தி வையுங்கள்.

மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு சொல். வீடு நிறுவனத்துடையதாயின் நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதியைப் பெறுங்கள். சொந்த வீடாயின், தரையோடு கூரையும் நீட்டுவதாக இருந்தால் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவைப்படும். எந்த வீடாயினும் முன்னே ஓடும் வடிகாலைக் காங்கிரீட்டால் நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். தூக்கி எடுக்கக்கூடிய பலகையாக வார்த்துப் போடுங்கள்.

அந்த அம்மையாரின் தரையை முழுவதும் பெயர்க்க வேண்டியதில்லை என்றே அவரிடம் தெரிவித்தோம். தூளாக எழும் மேலேட்டைக் கம்பித் துடைப்பத்தால் சுரண்டி நீக்கி, வெடிப்பை இனிவரும் சுருக்கத்திற்கான கோடாகவே விட்டு அதில் இளகிய நிரப்புப் பசையை இட்டு, குழி விழுந்த இடத்தைச் சதுரமாக வெட்டிப் புதுக்கலவை நிரப்பினால் போதும். வறண்ட மார்ச்சு மாதத்தில் அதைச் செய்வதாகச் சொன்னார். அதுவரை தாங்கியின் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்திருக்கின்றார்.